இசிஜி சீரானது, மரணம் கூடியது: காஸ்ட் ஆய்வு பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு பக்கம் 755 பேர், இன்னொரு பக்கம் 743 பேர். எல்லோருக்கும் ஏற்கெனவே ஒரு மாரடைப்பு வந்து போயிருந்தது. எல்லோருடைய இதயமும் அவ்வப்போது நேரத்துக்கு முன்னால் ஒரு துடிப்பைத் துடித்துவிடும். முதல் பக்கத்தாருக்கு அந்த அவசரத் துடிப்பை அடக்கும் மாத்திரை கொடுத்தார்கள். இரண்டாம் பக்கத்தாருக்கு அதே தோற்றத்தில் மருந்தில்லாத போலி மாத்திரை. சராசரியாகப் பத்து மாதம் போனபின் கணக்குப் பார்த்தால், மருந்துப் பக்கம் 63 பேர் இறந்திருந்தார்கள். போலி மாத்திரைப் பக்கம் 26 பேர்.

மருந்து பலிக்காமல் போனதால் வந்த சாவு என்று இதை ஒதுக்க முடியாது. பலித்தவர்களைத்தான் பொறுக்கி எடுத்து ஆய்வில் சேர்த்திருந்தார்கள். மாத்திரையைக் கொடுத்து, 24 மணி நேர இசிஜி எடுத்து, அவசரத் துடிப்புகள் அடங்கிவிட்டன என்று கண்ணால் பார்த்த பிறகே, யாருக்கு மருந்து, யாருக்குப் போலி என்று முடிவு செய்யும் குலுக்கலில் சேர்த்தார்கள். காகிதத்தில் கோடு ஒழுங்காக ஓடியது. அந்த ஒழுங்கான கோட்டுக்குச் சொந்தக்காரர்கள்தான் இரண்டரை மடங்கு வேகத்தில் இறந்தார்கள்.

இதுதான் காஸ்ட். முழுப் பெயர் கார்டியாக் அரித்மியா சப்ரஷன் ட்ரையல். அமெரிக்காவின் தேசிய இதய, நுரையீரல், இரத்த நிறுவனம் பணம் போட்டு 1987-ல் தொடங்கிய ஆய்வு. இதயச் செயலிழப்பு (அதாவது இதயத்தின் பம்பிங் தளர்ந்துபோவது), சீரற்ற துடிப்பு இரண்டைப் பற்றியும் அதற்கு அப்புறம் நடந்த ஆராய்ச்சிகளில் பெரும்பாலானவை ஏதோ ஒரு விதத்தில் இந்த ஆய்வுக்குப் பதில் சொல்லிக்கொண்டே வந்திருக்கின்றன. அதனால் இதையே மையமாக வைத்துப் பார்ப்போம்.

அந்த நம்பிக்கை பிறந்த கதை

இதயத்தின் மேலறையில் ஒரு சிறு முடிச்சு தாளம் போடுகிறது. அந்த மின்னோட்டம் கீழறைகளுக்கு இறங்கி அவற்றைச் சுருக்குகிறது. சில சமயம் கீழறைத் தசையில் ஏதோ ஒரு மூலை, மேலே இருந்து உத்தரவு வரும்வரை காத்திராமல் தானாகவே ஒரு துடிப்பைக் கிளப்பிவிடும். டாக்டர்கள் இதை எக்டோபிக் என்பார்கள். இங்கே இடைத்துடிப்பு என்று வைத்துக்கொள்வோம். நல்ல ஆரோக்கியமான இதயத்திலும் இது வரும். ‘நெஞ்சு ஒரு தடவை விட்டு அடித்த மாதிரி இருந்தது’ என்று சொல்வார்களே, பெரும்பாலும் அது இதுதான்.

1960-களில் மாரடைப்பு நோயாளிகளுக்கென்று தனிப் பிரிவுகள் வந்தன. படுக்கைக்குப் பக்கத்தில் திரை, திரையில் ஓடும் கோடு. முதல் முறையாக டாக்டர்களும் நர்ஸுகளும் மணிக்கணக்கில் இதயத்தின் தாளத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். சில நோயாளிகளுக்கு இடைத்துடிப்புகள் அதிகமாகி, அடுத்தடுத்து ஓட்டமாக வந்து, கீழறை நடுக்கத்தில் முடிந்து, இதயம் நின்றுபோவதைக் கண்டார்கள். முதலில் இடைத்துடிப்பு, பிறகு சாவு என்ற வரிசை மனதில் பதிந்துவிட்டது. நேர்மின் அதிர்ச்சிக் கருவியை நடைமுறைக்குக் கொண்டுவந்த பெர்னார்ட் லவுன் 1971-ல் இடைத்துடிப்புகளை ஆபத்தின் வரிசைப்படி தரம் பிரித்து ஒரு அட்டவணையே வெளியிட்டார். எவ்வளவு அடிக்கடி வருகிறது, எத்தனை வடிவங்களில் வருகிறது, ஜோடியாக வருகிறதா, முந்தைய துடிப்பின் வால்மேல் ஏறி விழுகிறதா என்று படிப்படியாகப் போகும் அட்டவணை.

மருத்துவமனைக்கு வெளியேயும் துடிப்புகளை எண்ணுவதற்கு நார்மன் ஹோல்டர் வழி செய்திருந்தார். அவர் முதலில் செய்த கருவி சுமார் 38 கிலோ. முதுகில் மூட்டையாகக் கட்டிக்கொண்டுதான் திரிய வேண்டும். 1970-கள் வருவதற்குள் அது தோளில் மாட்டும் பெட்டியாகச் சுருங்கிவிட்டது. மாரடைப்பிலிருந்து பிழைத்தவர்களுக்கு அதை மாட்டி அனுப்பி, துடிப்புகளை எண்ணி, சில ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். இடைத்துடிப்பு அதிகமுள்ளவர்கள் அதிகமாக இறந்தார்கள். இதயத்தின் பம்பிங் குறைவாக இருப்பதை ஒதுக்கிவிட்டுக் கணக்குப் போட்டாலும் இடைத்துடிப்புக்குத் தனி ஆபத்து இருந்தது. இந்தக் கண்டுபிடிப்பில் பிழை எதுவும் இல்லை, இன்றும் அது உண்மைதான்.

பிழை அடுத்த படியில் வந்தது. ஆபத்தைக் காட்டும் அடையாளத்தை அழித்தால் ஆபத்தும் அழியும் என்று எடுத்துக்கொண்டார்கள். எண்ண முடிகிற ஒரு பொருள் கைக்குக் கிடைத்துவிட்டால், அதைக் குறைப்பதே சிகிச்சை என்று தோன்றிவிடுவது இயல்புதான். எந்த மருந்து நல்ல மருந்து என்று கேட்டால், எது இடைத்துடிப்பைக் குறைக்கிறதோ அது. இப்படி எடைபோட்டபோது இரண்டு மருந்துகள் எல்லாவற்றையும் தூக்கி அடித்தன: ஃபிளெகெய்னைடு, என்கெய்னைடு. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு முன்னதற்கு 1985-லும் பின்னதற்கு 1986-லும் அனுமதி தந்தது. இரண்டும் இதயத் தசையில் சோடியம் நுழையும் வாசலை அடைத்து மின்னோட்டத்தை மெதுவாக்குகிற ரகம். உயிருக்கு ஆபத்தான துடிப்புச் சீர்கேடுகளுக்காக அனுமதி பெற்ற மருந்துகள், லேசான இடைத்துடிப்பு உள்ளவர்களுக்கும் எழுதப்பட ஆரம்பித்தன.

ஆய்வைக் கட்டிய விதம்

பெரிய ஆய்வுக்கு முன்னால் 502 பேரை வைத்து ஒரு வெள்ளோட்டம் நடந்தது. மாரடைப்புக்குப் பிந்தைய நோயாளிகளுக்கு இந்த மருந்துகளைக் கொடுத்தால் இடைத்துடிப்பை ஓராண்டுக்கு அடக்கி வைக்க முடியுமா, அவர்கள் தாங்குவார்களா என்பது மட்டும்தான் கேள்வி. முடியும் என்றது வெள்ளோட்டம். ஃபிளெகெய்னைடும் என்கெய்னைடும் முன்னணியில் நின்றன, மோரிசிசைன் என்ற இன்னொரு மருந்து சற்றுப் பின்னால்.

அதன் பிறகுதான் இந்த மூன்று மருந்துகளையும் வைத்துக் காஸ்ட். மாரடைப்பு வந்து 6 நாள் முதல் 2 ஆண்டு வரை ஆனவர்கள். மணிக்கு 6 அல்லது அதற்கு மேல் இடைத்துடிப்பு. அதனால் தொந்தரவு எதுவும் இல்லாதவர்கள், இருந்தாலும் லேசாக இருப்பவர்கள். பம்பிங் அளவுக்கும், அதாவது கீழறையில் நிறையும் இரத்தத்தில் எத்தனை சதவீதம் ஒரு துடிப்பில் வெளியேறுகிறது என்பதற்கும், ஓர் உச்சவரம்பு வைத்தார்கள்: மாரடைப்பு வந்து 90 நாளுக்குள் என்றால் 55 சதவீதத்துக்கு மேல் கூடாது, அதைத் தாண்டிவிட்டால் 40 சதவீதத்துக்கு மேல் கூடாது. ஓரளவுக்காவது அடிவாங்கிய இதயம்தான் வேண்டும் என்பது நோக்கம். சுமார் 4,400 பேரைச் சேர்ப்பது திட்டம்.

குலுக்கலுக்கு முன்னால் எல்லோருக்கும் நிஜ மருந்தையே கொடுத்து, அளவை மாற்றி, மருந்தை மாற்றிப் பார்த்தார்கள். இடைத்துடிப்பு 80 சதவீதமாவது குறைய வேண்டும். ஓட்டமாக வருகிற துடிப்புகள் 90 சதவீதமாவது குறைய வேண்டும். முதல் அறிக்கை வந்தபோது இந்தக் கட்டத்துக்குள் வந்திருந்தவர்கள் 2,309 பேர். அதில் 1,727 பேர், அதாவது நான்கில் மூன்று பங்கு, தேறினார்கள். தேறியவர்களில் பாதிப்பேர் அதே மருந்தைத் தொடர்ந்தார்கள், பாதிப்பேர் தெரியாமலேயே போலி மாத்திரைக்கு மாற்றப்பட்டார்கள்.

இந்த வடிவமைப்பைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள், மருந்தைத் தொட்டதுமே துடிப்பு மோசமானவர்கள் முதல் கட்டத்திலேயே கழிந்துபோனார்கள். ஆய்வு மருந்துக்குச் சாதகமாகவே சாய்ந்திருந்தது. அப்படியும் தோற்றது என்பதுதான் இந்த முடிவை யாராலும் தட்டிக்கழிக்க முடியாததாக ஆக்கியது.

இன்னொரு சங்கதி. ஆய்வாளர்கள் முதலில் ஒருபக்கச் சோதனைதான் திட்டமிட்டிருந்தார்கள். மருந்து உயிரைக் காக்கிறதா, இல்லையா என்று மட்டும் கேட்கும் சோதனை அது. கெடுக்கிறதா என்ற கேள்விக்கு அதில் தனி இடம் இல்லை. தரவுகளைக் கண்காணிக்க அமர்த்தப்பட்ட தனிக் குழு இதை ஒப்புக்கொள்ளாமல், கெடுதல் பக்கத்துக்கும் ஓர் எல்லைக்கோடு போட வைத்தது. அந்தக் கோடு கடைசியில் எவ்வளவு பயன்பட்டது என்பது சற்று நேரத்தில் தெரியும். இன்னொரு பக்கம், ஆய்வில் நோயாளிகளைச் சேர்க்கவே தயங்கிய டாக்டர்கள் இருந்தார்கள். பலன் தெரிந்த மருந்தை மறைத்துவிட்டுப் போலி மாத்திரை கொடுப்பது நியாயமா என்பது அவர்களுடைய கேள்வி. அன்றைய அறிவை வைத்துப் பார்த்தால் அது நல்ல மனதோடு கேட்ட கேள்விதான்.

எக்ஸ், வொய்

கண்காணிப்புக் குழு முதலில் தரவைப் பார்த்தபோது எது மருந்து, எது போலி என்று அதற்கே தெரியாது. எக்ஸ், வொய் என்று இரண்டு பத்திகள். ஒன்றில் மரணம் அதிகம், மற்றதில் குறைவு. எண்ணிக்கை சிறியதாக இருந்ததால் முத்திரையை உடைக்காமல் தொடரவிட்டார்கள். 1989 ஏப்ரலில் குழு கூடியபோது முத்திரை உடைக்கப்பட்டிருந்தது. அதிகம் செத்த பத்தி எது என்று இப்போது தெரிந்தது. ஃபிளெகெய்னைடு, என்கெய்னைடு இரண்டையும் உடனே நிறுத்தச் சொன்னார்கள்.

அந்த ஆகஸ்டில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் முதல் அறிக்கை வந்தது. துடிப்புச் சீர்கேட்டால் இறந்தவர்களும், இதயம் நின்றுபோய் உயிர்ப்பிக்கப்பட்டவர்களும்: மருந்து பெற்ற 730 பேரில் 33, போலி பெற்ற 725 பேரில் 9. எல்லாக் காரணங்களையும் சேர்த்தால் 56-க்கு 22. முழுக் கணக்கு 1991-ல் வெளியானது. கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன 63, 26 அதிலிருந்து எடுத்தவை.

மோரிசிசைன் மட்டும் தப்பித்து, இரண்டாம் காஸ்ட் என்ற பெயரில் தொடர்ந்தது. அதுவும் நிலைக்கவில்லை. மருந்து தொடங்கிய முதல் 14 நாளிலேயே 665 பேரில் 17 பேர் இறந்தார்கள் அல்லது இதயம் நின்று மீட்கப்பட்டார்கள். மருந்தில்லாத 660 பேரில் 3 பேர். 1991-ல் அதையும் மூடினார்கள். என்கெய்னைடு அதே ஆண்டு அமெரிக்கச் சந்தையிலிருந்து போய்விட்டது.

ஏன் இறந்தார்கள்

இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. மாரடைப்பில் செத்த தசை தழும்பாகிவிடும். ஆனால் தழும்பு ஒரே கட்டியாக இருக்காது; நடுநடுவே உயிரோடு தப்பிய தசை இழைகள் ஓடும். மின்னோட்டம் தழும்பின் ஒரு பக்கம் அடைபட்டு, இன்னொரு பக்கமாக அந்த இழைகள் வழியே ஊர்ந்து, சுற்றி வந்து கிளம்பிய இடத்தை அடையலாம். வழக்கமாக அது திரும்பி வரும்போது அந்த இடத்துத் தசை இன்னும் களைப்பு நீங்காமல் இருக்கும், உத்தரவை வாங்கிக்கொள்ளாது. ஓட்டம் அங்கேயே அணைந்துவிடும்.

இப்போது சோடியம் வாசலை அடைத்து மின்னோட்டத்தை இன்னும் மெதுவாக்கினால்? சுற்றி வர அதிக நேரம் ஆகிறது. தசையின் களைப்பு நீங்கும் நேரத்தை இந்த மருந்துகள் அந்த அளவுக்கு நீட்டுவதில்லை. எனவே ஓட்டம் திரும்பி வரும்போது தசை தயாராக நிற்கிறது. வாங்கிக்கொள்கிறது, மறுபடி சுற்றுகிறது, மறுபடி. இந்தச் சுழல்தான் கீழறை வேகத்துடிப்பு. அது உடைந்து சிதறினால் கீழறை நடுக்கம். இடைத்துடிப்பு என்பது தீக்குச்சி என்றால், இந்த மருந்து தீக்குச்சிகளின் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டு வைக்கோலைக் காய வைத்தது. முன்பு நூறு குச்சி உரசியும் பற்றாதது, இப்போது ஒரே குச்சியில் பற்றிக்கொண்டது. இரத்த ஓட்டம் குறைந்த தசையில் இந்த விளைவு இன்னும் கடுமை. இந்த நோயாளிகள் எல்லோருக்கும் இரத்தக்குழாய் அடைப்பு உண்டு என்பதை நினைத்துக்கொண்டால், எந்த நாளும் சிறிதளவு இரத்தக் குறைவு நேர வாய்ப்பு இருந்தது.

அதுவரை டாக்டர்கள், இத்தகைய மருந்து கெடுதல் செய்தால் ஆரம்ப நாட்களில் செய்யும், அதைத் தாண்டிவிட்டால் பயமில்லை என்று நம்பினார்கள். மருத்துவமனையில் வைத்து மருந்தைத் தொடங்குவார்கள், சில நாள் பார்ப்பார்கள், வீட்டுக்கு அனுப்புவார்கள். காஸ்டின் மரணங்கள் பத்து மாதமும் சீராகப் பரவிக் கிடந்தன. இரண்டு கோடுகளும் முதலிலிருந்தே பிரிந்து, விலகிக்கொண்டே போயின.

63 பேரின் கணக்கைப் பிரித்தால் இன்னொன்று தெரிகிறது. 43 பேர் துடிப்புச் சீர்கேட்டால், 17 பேர் மற்ற இதயக் காரணங்களால், 3 பேர் இதயத்துக்குச் சம்பந்தமில்லாத காரணங்களால் இறந்தார்கள். போலி மாத்திரைப் பக்கம் இவை முறையே 16, 5, 5. நடுவில் இருக்கிற 17-க்கு 5 என்பதைப் பலரும் கண்டுகொள்வதில்லை. இந்த மருந்துகள் தசையின் சுருங்கும் வலுவையும் குறைப்பவை. ஏற்கெனவே பலவீனமான பம்பை இன்னும் பலவீனமாக்கினால் என்ன ஆகும் என்பது அந்த 17-க்குள் அடங்கியிருக்கிறது.

அப்படியானால் காஸ்டுக்கு முன் ‘மருந்தில் துடிப்பு அடங்கியவர்கள் நீண்டநாள் வாழ்கிறார்கள்’ என்று டாக்டர்கள் கண்ணால் கண்டது பொய்யா? பொய்யில்லை. காஸ்டின் தரவையே பின்னர் அலசியபோது, எளிதில் அடங்கும் இடைத்துடிப்பு உடையவர்கள் அடங்காதவர்களைவிட நன்றாக வாழ்வது தெரிந்தது. எளிதில் அடங்குவது இதயம் கொஞ்சம் நல்ல நிலையில் இருப்பதற்கான அடையாளம். மருந்து ஒரு சல்லடை மாதிரி நல்லவர்களைப் பிரித்துக் காட்டியது. பிரித்துக் காட்டியதைக் காப்பாற்றியதாக எடுத்துக்கொண்டார்கள். போலி மாத்திரைக் குழு ஒன்று பக்கத்தில் இல்லாமல் எந்தத் தனி டாக்டரும், எவ்வளவு கூர்மையானவராக இருந்தாலும், இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

பம்ப் பக்கத்தில் அதே தப்பு

சரி, இது துடிப்பு சம்பந்தப்பட்ட கதை. இதயச் செயலிழப்பு ஆராய்ச்சி அதே ஆண்டுகளில் என்ன செய்துகொண்டிருந்தது? கிட்டத்தட்ட அச்சில் வார்த்த மாதிரி அதே தவறைத்தான். பம்ப் பலவீனம், ஆகவே பம்பைத் தட்டியெழுப்பும் மருந்து கொடுப்போம். மில்ரினோன் கொடுத்ததும் இதயம் வலுவாகச் சுருங்கியது, அளவீடுகள் எல்லாம் மேலே போயின. 1991-ல் ப்ராமிஸ் ஆய்வு, கடுமையான செயலிழப்பு உள்ள 1,088 பேரை வைத்து, மாத்திரையாகக் கொடுத்த மில்ரினோன் மரணத்தை 28 சதவீதம் கூட்டுகிறது என்று காட்டியது. காஸ்டில் இடைத்துடிப்பு எண்ணிக்கை, இங்கே பம்பின் வலு. இரண்டிலும் அளவீடு தேறியது, நோயாளி தேறவில்லை.

இதற்கு நேர் எதிரான மருந்து ஒன்று ஏற்கெனவே கையில் இருந்தது. பீட்டா பிளாக்கர்கள் இதயத்தின் வேகத்தையும் வலுவையும் மட்டுப்படுத்துபவை. இடைத்துடிப்பை அடக்குவதில் ஃபிளெகெய்னைடின் பக்கத்தில்கூட நிற்காது. ஆனால் காஸ்டுக்குப் பணம் போட்ட அதே அமெரிக்க நிறுவனம் அதற்கு முன்பே, மாரடைப்புக்குப் பிந்தைய 3,837 பேரில் புரோப்ரனோலாலைச் சோதித்து, மரணம் 9.8 சதவீதத்திலிருந்து 7.2 சதவீதமாகக் குறைவதைக் கண்டிருந்தது. துடிப்பை எண்ணுகிற தராசில் தோற்ற மருந்து, ஆளை எண்ணுகிற தராசில் ஜெயித்தது. இந்தச் செய்தி 1980-களின் தொடக்கத்திலேயே மேசைமேல் கிடந்தது என்பதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கிறது.

செயலிழந்த இதயத்துக்குப் பீட்டா பிளாக்கர் கொடுப்பதோ, கேட்டவர்கள் பதறிய காலம் அது. தள்ளாடுகிறவனைப் பிடித்து இழுப்பது போல. ஸ்வீடனில் கோதன்பர்க் நகரத்து ஃபின் வாக்ஸ்டைனும் அவருடைய சகாக்களும் 1975-ல் ஏழு நோயாளிகளிடம் துணிந்து கொடுத்துப் பார்த்து, இதயம் தேறுவதை எழுதினார்கள். மருத்துவ உலகம் அதை முழுமனதோடு ஏற்க 1999 ஆயிற்று. அந்த ஆண்டு வெளிவந்த சிபிஸ்-2 ஆய்வில் 2,647 பேர். பிசோப்ரோலால் மொத்த மரணத்தை 17.3 சதவீதத்திலிருந்து 11.8 ஆகவும், திடீர் மரணத்தை 6.3-லிருந்து 3.6 ஆகவும் இறக்கியது. அதே ஆண்டு மெரிட் ஆய்வில், 3,991 பேரில், மெட்டோப்ரோலால் திடீர் மரணத்தை 41 சதவீதம் குறைத்தது.

மெரிட் ஆய்வு இன்னொரு கணக்கையும் தந்தது. செயலிழப்பின் கடுமையை டாக்டர்கள் நான்கு படிகளாகப் பிரிப்பார்கள், நான்காம் படி மிகக் கடுமையானது. லேசான செயலிழப்பு உள்ள இரண்டாம் படி நோயாளிகளில் இறந்தவர்களில் 64 சதவீதம் பேர் திடீரென்று போனார்கள். பம்ப் தளர்ந்து போனவர்கள் 12 சதவீதம்தான். நான்காம் படிக்கு வந்தால் இது தலைகீழ்: திடீர் மரணம் 33, பம்ப் தளர்ச்சி 56. படியேறவே சிரமப்படாத ஒருவர் தூக்கத்தில் இறந்துவிட்டார் என்று கேட்டால் நமக்கு அதிர்ச்சியாக இருக்கும். லேசான இதயச் செயலிழப்பில் மருத்துவம் எதிர்பார்க்கிற மரணமே பாதிக்குமேல் அப்படித்தான்.

மருந்தா, கருவியா

காஸ்டுக்குப் பிறகு நம்பிக்கை அமியோடரோன் பக்கம் திரும்பியது. அது பல வாசல்களை ஒரே நேரத்தில் தொடும் மருந்து, பலவீனமான இதயத்தையும் அவ்வளவாகப் பாதிக்காது. சிறிய ஆய்வுகள் இப்படியும் அப்படியும் சொன்னபின், 2005-ல் வந்த ஸ்கட்-ஹெஃப்ட் ஆய்வு கேள்வியை முடித்து வைத்தது. பம்பிங் 35 சதவீதமோ அதற்குக் கீழோ உள்ள 2,521 பேர்; போலி மாத்திரை, அமியோடரோன், உள்ளே பதிக்கும் அதிர்ச்சிக் கருவியான ஐசிடி என்று மூன்று குழு. போலி மாத்திரையில் 29 சதவீதம் பேர் இறந்தார்கள், அமியோடரோனில் 28, ஐசிடியில் 22. அமியோடரோன் காஸ்ட் மருந்துகளைப் போலக் கொல்லவில்லை, காப்பாற்றவும் இல்லை.

ஐசிடி துடிப்பை முன்கூட்டியே அடக்க முயல்வதே இல்லை. சும்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும், நடுக்கம் வந்தால் அடிக்கும், அவ்வளவுதான். மிஷெல் மிரோவ்ஸ்கி இந்த யோசனைக்கு வந்தது, தன் ஆசானாக இருந்த டாக்டர் 1966-ல் கீழறை வேகத்துடிப்பால் இறந்த பிறகு. 1972-ல் இதைக் கடுமையாக எதிர்த்து எழுதியவர்களில் ஒருவர், இடைத்துடிப்புகளைத் தரம் பிரித்த அதே லவுன். மிரோவ்ஸ்கி விடவில்லை, 1980 பிப்ரவரியில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் முதல் கருவி ஒரு நோயாளிக்குள் போனது. ஆனால் கருவிக்கும் எல்லை உண்டு. மாரடைப்பு இல்லாமல் வேறு காரணங்களால் பம்ப் தளர்ந்தவர்களை வைத்து 2016-ல் வந்த டேனிஷ் ஆய்வில், ஐசிடி திடீர் மரணத்தைப் பாதியாக்கியது. மொத்த மரணத்தில் 21.6-க்கு 23.4 என்று சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் வரவில்லை. மற்ற மருந்துகள் அவ்வளவு தூரம் முன்னேறியிருந்தன.

மேலறை நடுக்கம்: எது முதல்?

கீழறையை விட்டு மேலறைக்குப் போனால் கேள்வி வேறு முகம் காட்டுகிறது. இதயச் செயலிழப்பும் மேலறை நடுக்கமும் ஒரே ஆளிடம் சேர்ந்தே வருவது சர்வசாதாரணம். அழுத்தம் ஏறி மேலறை விரிந்தால் நடுக்கம் வரும். நடுக்கத்தால் இதயம் தாறுமாறான வேகத்தில் ஓடினால் தசை தளரும். கோழியா முட்டையா கதைதான், சில நோயாளிகளில் இரண்டும் ஒன்றையொன்று வளர்த்துவிடுகின்றன.

தாளத்தைச் சரியாக்கினால் உயிர் நீளுமா என்று கேட்ட ஏஎஃப்-சிஹெச்எஃப் ஆய்வு 2008-ல் 1,376 பேரை வைத்து, இல்லை என்றது. தாளத்தை மீட்க முயன்ற குழுவில் இதயக் காரணங்களால் இறந்தவர்கள் 27 சதவீதம். வேகத்தை மட்டும் கட்டுப்படுத்திய குழுவில் 25. அங்கே தாளத்தை மீட்கப் பயன்பட்டது பெரும்பாலும் அமியோடரோன். அதே ஆண்டு, அதற்கு உறவான டிரோனடரோனைக் கடுமையான செயலிழப்பு உள்ள 627 பேரிடம் சோதித்து, நடுவிலேயே நிறுத்தப்பட்ட ஓர் ஆய்வின் அறிக்கை வெளியானது. 25 பேர் இறந்திருந்தார்கள், போலி மாத்திரையில் 12. காஸ்டின் நிழல் இருபது ஆண்டுக்குப் பின்னும் விழுந்தது.

மருந்தில்லாமல் தாளத்தை மீட்டால்? பிரான்சின் போர்டோ நகரத்தில் மிஷெல் ஹைசாகேரின் குழு 1998-ல், நடுக்கத்தைத் தூண்டும் பொறி பெரும்பாலும் நுரையீரல் சிரைகளின் வாயிலிருந்து கிளம்புவதைக் காட்டியது. அந்த வாயைச் சுற்றிச் சுட்டு மின்தொடர்பைத் துண்டிப்பதுதான் அப்லேஷன். 2018-ல் காஸில்-ஏஎஃப் ஆய்வில், செயலிழப்பும் மேலறை நடுக்கமும் உள்ள 363 பேரில், அப்லேஷன் செய்தவர்களில் 13.4 சதவீதம் பேரும் மருந்தோடு இருந்தவர்களில் 25 சதவீதம் பேரும் இறந்தார்கள். பெரிய வித்தியாசம். அப்படியே விழுங்கவும் கூடாது: 3,000-க்கும் மேற்பட்டவர்களைச் சலித்து எடுத்த 363 பேர் அவர்கள், யாருக்கு என்ன சிகிச்சை என்பது எல்லோருக்கும் தெரியும், அப்லேஷனுக்குப் போலி என்று ஒன்று அங்கே இல்லை. 411 பேரை வைத்து 2022-ல் வந்த ராஃப்ட்-ஏஎஃப் ஆய்வில் சாதகமான சாய்வு இருந்தும் புள்ளியியல் எல்லையைத் தொடவில்லை. என் கணிப்பு: நடுக்கம் தசையைத் தளர்த்திய நோயாளிக்கு அப்லேஷன் நிச்சயமாக உதவுகிறது, தழும்பேறித் தளர்ந்த இதயத்தில் நடுக்கம் பின்னால் வந்து சேர்ந்தவருக்கு உதவி குறைவு. இருவரையும் ஒரே குழுவில் போட்டுச் சராசரி எடுத்தால் பதில் ஒவ்வொரு தடவையும் ஆடத்தான் செய்யும்.

கீழறை இடைத்துடிப்புக்கும் இப்படி ஒரு மறுவாழ்வு கிடைத்தது. 2010-ல் 174 பேரை ஆராய்ந்த ஓர் ஆய்வு, ஒரு நாளின் மொத்தத் துடிப்புகளில் 24 சதவீதத்துக்கு மேல் இடைத்துடிப்பாக இருந்தால் அதுவே பம்பைத் தளர்த்த வாய்ப்பு அதிகம் என்றது. அந்த மூலையைச் சுட்டுவிட்டால் பம்பிங் பல பேருக்குத் திரும்பி வருகிறது. இங்கே இடைத்துடிப்பை அடக்குவதுதான் சிகிச்சை! இதைப் படிக்கும்போது காஸ்டின் ஆட்கள் பாவம், சரியான எதிரியைத் தப்பான அளவில் தாக்கினார்களோ என்று தோன்றும். கணக்கைப் போட்டுப் பாருங்கள். இதயம் ஒரு நாளில் சுமார் ஒரு லட்சம் முறை துடிக்கிறது. 24 சதவீதம் என்றால் 24,000. காஸ்டின் நுழைவு வரம்பு மணிக்கு 6, நாளைக்கு 144.

ஃபிளெகெய்னைடு இன்றும் விற்பனையில் இருக்கிறது. தழும்போ தளர்ச்சியோ இல்லாத இதயத்தில் மேலறை நடுக்கம் வந்துவந்து போகிறவர்களுக்கு நன்றாகவே உதவுகிறது. மாரடைப்பு வந்தவர்களுக்குக் கொடுப்பதில்லை. அமெரிக்காவில் அதன் மருந்துக் குறிப்பில் கட்டம் கட்டிய எச்சரிக்கை ஒன்று உண்டு. காஸ்டில் ஃபிளெகெய்னைடு பெற்ற 315 பேரில் 16 பேரும், அதற்கு இணையான போலி மாத்திரை பெற்ற 309 பேரில் 7 பேரும் இறந்தார்கள் அல்லது இதயம் நின்று மீட்கப்பட்டார்கள் என்ற கணக்கு அந்தக் கட்டத்துக்குள் அப்படியே அச்சாகியிருக்கிறது.